காசித்தும்பையோட காட்டுச் சொந்தக்காரங்க

காசித்தும்பைய தெரியாதவங்க நம்ம ஊர்ல இருக்க மாட்டாங்க. வாசல்ல, கிணத்தடியில, பாத்திரம் கழுவுற தண்ணி போய் நிக்கிற எடத்துல யாரும் நடாமலே முளைச்சு நிக்கும், ரோஸ், வெள்ளை, சிவப்பு, ஊதான்னு பூக்கும், காய் முத்திடுச்சுன்னா விரல் பட்டதுமே டப்புன்னு வெடிச்சு விதைய நாலா பக்கமும் தெறிக்க விடும். அம்மிச்சி வீட்டுல லீவுக்குப் போனா பசங்க எல்லாரும் சேந்து எந்தக் காய் வெடிக்கும்னு தேடித் தேடி அமுக்குறதுதான் வேலையே. ஆனா இந்த ஒரு செடிக்கு உலகம் பூரா ஆயிரத்துக்கும் மேல சொந்தக்காரங்க இருக்காங்க, அதுல நூத்துக்கும் மேல நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலயே இருக்காங்க, அந்த நூறுலயும் பெரும்பாலானத வேற எந்த நாட்டுலயும் பாக்கவே முடியாது. இத யாருமே நமக்கு ஸ்கூல்ல சொல்லித் தரல. அதான் நான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

செடிங்களோட அறிவியல் பேர்ல இந்தப் பேரினத்துக்கு (நெருங்குன சொந்தமா இருக்குற வகைங்களோட கூட்டம்தான் பேரினம்) இம்பேஷியன்ஸ்னு பேரு, 1753ல லின்னேயஸ் போட்டது. நம்ம வீட்டுக் காசித்தும்பை இம்பேஷியன்ஸ் பால்சமினா. வயக்காட்டுல வெள்ளையா பூக்குற தும்பைக்கும் இதுக்கும் எந்த உறவும் கிடையாது, அது துளசி குடும்பம், இது தனிக் குடும்பம். இந்தத் தனிக் குடும்பத்துலயும் மொத்தமே ரெண்டு பேரினம்தான். ஒண்ணு ஆயிரத்துக்கும் மேல வகை இருக்குற இம்பேஷியன்ஸ், இன்னொண்ணு ஹைட்ரோசெரா, அதுல இருக்குறது ஒரே ஒரு வகை. அது குளம் குட்டை ஓரமா தண்ணிக்குள்ள நின்னு வளரும், தென்னிந்தியாவுலயும் இருக்கு இலங்கையிலயும் இருக்கு, அதோட காய் வெடிக்காது, சதைப்பத்தா இருக்கும். கூடப் பொறந்தது ரெண்டே ரெண்டு, ஒண்ணு ஆயிரமா பெருகிடுச்சு, இன்னொண்ணு ஒத்தையா குளத்துல நிக்குது. ஏன் இப்டி ஆச்சுன்னு யோசிச்சா எனக்கு ராத்திரி தூக்கமே வராது.

சரி, பூவுக்கு வருவோம். வீட்டுல காசித்தும்பை இருந்தா இப்பவே போயி ஒரு பூவப் பக்கத்துல வச்சுப் பாருங்க (ரோஜா மாதிரி அடுக்கடுக்கா இருக்குற டபுள் வகை வேணாம், நாட்டு வகையா ஒத்தை அடுக்குல இருக்குறது). மொதல்ல பின்பக்கம் பாருங்க, மெல்லிசா ஒரு வால் வளைஞ்சு தொங்கும். அது இதழ் இல்ல, புல்லி, அதாவது இதழுக்கு வெளிய இருக்குற அடுக்கு. அந்தப் புல்லிதான் கிண்ணமா குழிஞ்சு, நுனி வாலா நீண்டு, வாலுக்கு உள்ள தேன வச்சிருக்கு. அப்புறம் முன்பக்கம் வாங்க. மேல ஒரு இதழ் நிமிந்து நிக்கும், பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பெரிய இதழ் விரிஞ்சிருக்கும். எண்ணிப் பாத்தா மூணுன்னு தோணும், ஆனா பக்கத்து இதழ் ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு சேந்து ஒட்டுனது, ஆக மொத்தம் அஞ்சு. இதுல இன்னொரு விஷயம், பூ மொட்டா இருக்கும்போதே காம்பு முறுக்கித் திரும்பிடுது, அதனால நாம பூவோட மேல்பக்கம்னு பாக்குறது உண்மையில கீழ்ப்பக்கமா இருக்க வேண்டியது. தலைகீழாத்தான் பூவே பூக்குது.

இப்ப பூவோட வாய்க்கு நேர் மேல பாருங்க, வெள்ளையா சின்னதா ஒண்ணு தொங்கும். அஞ்சு மகரந்தக் கம்பியும் ஒண்ணா ஒட்டி, சூல்முடிய (மகரந்தம் வந்து ஒட்ட வேண்டிய பெண் பாகம்) அப்படியே தொப்பி போட்டு மூடியிருக்கு. தேனுக்கு வர்ற தேனீ உள்ள நுழையும்போது அதோட முதுகுல இந்தத் தொப்பி உரசி மகரந்தம் ஒட்டிக்கும். கொஞ்ச நாள்ல தொப்பி கழண்டு விழுந்துடும், அதுக்குக் கீழ பச்சையா கூரா சூல்முடி இருக்கும், அப்ப வர்ற தேனீ வேற பூவுலருந்து கொண்டு வந்த பொடிய இங்க தடவிட்டுப் போகும். அதாவது ஒரே பூ மொதல்ல ஆணா இருந்துட்டு அப்புறம் பெண்ணா மாறுது, தன் பொடி தனக்கே விழாம இருக்க அது பண்ணிக்கிட்ட ஏற்பாடு. ஒரே செடியில தொப்பி போட்ட பூவும் தொப்பி விழுந்த பூவும் ஒண்ணா நிக்கும், லென்ஸ் கூட வேணாம், வெறுங்கண்ணுக்கே நல்லாத் தெரியும்.

இந்தப் பூவோட அமைப்புதான் ஆயிரம் வகையா பிரிஞ்சதுக்குப் பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். வால் நீளமா மெல்லிசா இருந்தா நீள உறிஞ்சுகுழல் இருக்குற பட்டாம்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் தோது, பை மாதிரி அகலமா இருந்தா தேனீ உள்ளயே போயிடலாம், சில வகையில வாலே இல்ல. வால் நீளம், வளைவு, கிண்ணத்தோட ஆழம், பக்கத்து இதழோட அகலம் இத மட்டும் மாத்தி மாத்திப் போட்டே எத்தனையோ விதமான பூ வந்துடுது.

காய் வெடிக்கிறதயும் சொல்லிடறேன். காய் அஞ்சு பட்டையா சேந்து ஒட்டியிருக்கு, முத்த முத்த பட்டைக்குள்ள இருக்குற செல்லுல தண்ணி அழுத்தம் ஏறிக்கிட்டே போகும், ஒட்டியிருக்குற தையல் மட்டும் நைஞ்சுக்கிட்டே வரும். கடைசியில மழைத்துளி பட்டாலோ பக்கத்து இலை இடிச்சாலோ போதும், அஞ்சு பட்டையும் ஒரே நேரத்துல பிச்சுக்கிட்டு உள்பக்கமா சுருண்டுக்கும், அந்த வேகத்துல விதை பறக்கும். எல்லாமே கண்ண சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிரும். ஆனா எவ்ளோ வேகமா வீசினாலும் விதை போறது செடியச் சுத்தி சில மீட்டர்தான். காத்துல பறக்குற விதையும் இல்ல, பறவை தின்னுட்டுப் போயி வேற மலையில போடுற பழமும் இல்ல. ஒரு பள்ளத்துல இருக்குற செடி பக்கத்துப் பள்ளத்துக்குப் போறதுக்கே தலைமுறை தலைமுறையா ஆகும். நடுவுல ஒரு காஞ்ச மேடு வந்துடுச்சுன்னா அதோட நின்னுரும். அப்புறம் ரெண்டு பள்ளத்துலயும் தனித்தனியா மாறிக்கிட்டே போயி ரெண்டு வகையா ஆயிடும். நம்ம மலையில இத்தன வகை இருக்குறதும், பல வகை ஒரே ஒரு மலையில மட்டும் இருக்குறதும் இதனாலதான்.

மலையில இதுங்க எங்கெல்லாம் வாழுதுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். நீலகிரி சோலைக்காட்டு ஓரத்துல வெள்ளையா பூத்துக்கிட்டு நிக்கிற இம்பேஷியன்ஸ் லெஷனால்ட்டி ரொம்ப ஈசியா கண்ணுல படும், 1800கள்ல பாண்டிச்சேரிக்கு வந்து தென்னிந்தியாவுல செடி சேகரிச்ச லெஷனால்ட்ங்கற பிரெஞ்சுக்காரரோட பேரு அதுக்கு. ஈரப் புல்வெளியிலயும் சதுப்புலயும் புல்லோட புல்லா ரோஸ் கலர்ல நிக்கிறது இம்பேஷியன்ஸ் சைனென்சிஸ். நல்லா அடர்ந்த காட்டுக்குள்ள ஓடை ஓரமா பெரிய வெள்ளைப் பூவோட, நடுவுல சிவப்பு தீத்துனாப்ல, நீளமான வாலோட ஒண்ணு இருக்கு, இம்பேஷியன்ஸ் கிராண்டிஸ், இது நம்ம பக்கமும் இருக்கு, இலங்கையிலயும் இருக்கு. இலங்கைக்குன்னே தனியாவும் நெறைய வகை உண்டு, அதுல இம்பேஷியன்ஸ் ரெப்பென்ஸ் தரையில படர்ந்து மஞ்சளா பூக்கும், அழகா இருக்குன்னு வெளிநாட்டுல தொட்டியில தொங்க விட்டு வளக்குறாங்க, காட்டுல பாக்குறதுதான் அரிது. ஆனைமலையோட உச்சிப் பகுதியில, வால்பாறைக்கு மேல அக்காமலைப் புல்வெளிப் பக்கம், ஓடைக்குள்ளயே காலு வச்சு நிக்கிற வகை ஒண்ணு, அதோட அறிவியல் பேரே இம்பேஷியன்ஸ் டங்காச்சி, பெட்டோம்ங்கற காட்டிலாகா அதிகாரி வச்ச பேரு. லத்தீன்ல எழுதுன பட்டியல்ல நடுவுல தங்கச்சி நிக்கிறத மொதல் தடவ பாத்தப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

என்னோட ஃபேவரிட்னு கேட்டா ரெண்டு கோஷ்டி இருக்கு.

மொத கோஷ்டி பாறையில வாழுறது. மழைக்காலத்துல ரோட்டோரப் பாறையில தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருக்கும்ல, பாசி பிடிச்சு பச்சையா இருக்கும், அந்தப் பாசிக்குள்ள ஒரு சின்னக் கிழங்கு ஒளிஞ்சிருக்கும். வெயில் காலத்துல போனா ஒண்ணுமே தெரியாது, வெறும் பாறைன்னு நினைப்பீங்க. தென்மேற்குப் பருவமழை பிடிச்சதும் கிழங்குலருந்து தரையோட ஒட்டுனாப்ல சில இலை வரும், அப்புறம் இலையே இல்லாத ஒத்தைத் தண்டு ஒண்ணு நேரா எழும்பி அதுல வரிசையா பூக்கும், இளம் ரோஸ், ஊதா, வெள்ளைன்னு. தூரத்துல இருந்து பாத்தா ஆர்க்கிட்னே நினைச்சுக்குவாங்க. இம்பேஷியன்ஸ் ஸ்கேப்பிஃப்ளோரா, இம்பேஷியன்ஸ் அக்காலிஸ் எல்லாம் இந்த கோஷ்டி. மழை நிக்கிறதுக்குள்ள இலை விட்டு, பூத்து, காய்ச்சு, விதைய வீசிட்டு மறுபடி கிழங்குக்குள்ள போயிடணும், மத்த மாசம் பூரா தூக்கம். ஜூலை ஆகஸ்ட்ல மலை ரோட்டுல போறவங்க அருவியப் பாக்க அவசரமா ஓடுறாங்க, அருவிக்கு முன்னாடி கார் நிறுத்துன எடத்துலயே தோள் ஒசரத்துல இது பூத்து நிக்கும், யாரும் திரும்பிப் பாக்குறதில்ல.

ரெண்டாவது கோஷ்டி மரத்து மேல வாழுறது. காசித்தும்பை மரத்து மேல இருக்கும்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கம் பாசி படர்ந்த பெரிய மரத்தோட கிளையில இம்பேஷியன்ஸ் ஜெர்டோனியே இருக்கும். தண்டு நல்லா தடிச்சு சதைப்பத்தா இருக்கும், அதுலதான் தண்ணி சேத்து வச்சிருக்கு, வெயில் காலத்துல இலையெல்லாம் உதுத்துட்டு வெறும் தண்டா கிளையில ஒட்டிக்கிட்டு இருக்கும். மழை வந்ததும் துளிர்த்து பூக்கும், பூவப் பாத்தா காசித்தும்பைன்னே சொல்ல முடியாது, சிவப்பா புடைச்ச பை, அதோட வாய்ப்பக்கம் மஞ்சளும் பச்சையுமா இதழு. இதுக்குப் பேரு வச்சவர் ராபர்ட் வைட், பறவை ஆராய்ச்சியாளர் ஜெர்டனோட மனைவிய கௌரவிச்சு வச்சாரு. ஆனைமலைப் பக்கம் இதே போல மரத்துல வாழுறது இம்பேஷியன்ஸ் பாரசிட்டிகா. பேர வச்சு அது மரத்தோட சாறை உறிஞ்சுதுன்னு நினைச்சிடாதீங்க, அது ஒட்டுண்ணி கிடையாது, பாசியில தங்குற மழைத்தண்ணியும் மக்குன இலையும்தான் அதுக்கு சாப்பாடு, மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்ல.

வைட் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா அவரு நம்ம கோயம்புத்தூர்ல இருந்தவரு. ஸ்காட்லாந்துல பொறந்த டாக்டர், கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு மெட்ராஸ் வந்தாரு, 1842ல இருந்து 1853 வரைக்கும் கோயம்புத்தூர்ல அமெரிக்கப் பருத்திய இங்க விளைய வைக்கிற வேலைய பாத்தாரு. பருத்தி வேலை ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் நம்ம மலையில இருந்த செடிகள படமா அச்சடிச்சு வெளியிட்டுக்கிட்டே இருந்தாரு. அந்தப் படம் எல்லாம் அவரு வரைஞ்சதில்ல, ரங்கையா, கோவிந்து அப்படின்னு ரெண்டு இந்திய ஓவியருங்க வரைஞ்சது. காசித்தும்பை வகைகளுக்கு அவங்க கை ரொம்ப முக்கியம். ஏன்னா இந்தப் பூ அவ்ளோ மெல்லிசு, பேப்பருக்கு நடுவுல வச்சு அமுக்கி காய வச்சா இதழ் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கலர் போயி ஒண்ணுமே புரியாது. பூ உயிரோட இருக்கும்போதே பாத்து வரைஞ்சாத்தான் உண்டு. லண்டன் கியூ தோட்டத்துல இருந்த ஜோசப் ஹூக்கர், டார்வினோட நெருங்குன நண்பர், வயசான காலத்துல இந்த ஒரு பேரினத்தோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரு, உலர்ந்த பூவ ஈரமாக்கி இதழ் இதழா பிரிச்சுப் பிரிச்சு. 1911ல 94 வயசுல சாகுற வரைக்கும் அவரு கையில இருந்த வேலை இதுதான். அதுக்கப்புறம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில கெமிஸ்ட்ரி பேராசிரியரா இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் நீலகிரி, பழனி, மூணாறு மலைகள்ல தேடுனாரு, மூணாறோட பேர வச்ச இம்பேஷியன்ஸ் முன்னாரென்சிஸ் அவரு விவரிச்சதுதான், நீலகிரியில இருக்குற இன்னொரு வகைக்கு அவரோட பேரயே வச்சிருக்காங்க. கெமிஸ்ட்ரி வாத்தியார் லீவுல மலையேறி பண்ணுன வேலை இது, எனக்கு அவரு மேல தனி மரியாத உண்டு.

இப்ப மனசு கஷ்டப்படுற விஷயத்துக்கு வர்றேன். இந்தச் செடிங்களுக்கு தண்டுல பாதிக்கு மேல தண்ணி, வேர் ஆழமாப் போகாது, நிழலும் ஈரமும் இல்லன்னா ரெண்டு நாள்ல துவண்டு படுத்துரும். சோலைய வெட்டி டீ போட்டது, யூகலிப்டஸும் வாட்டில்னு சொல்ற சீகை மரமும் நட்டது எல்லாம் பழைய கதை, அதுலயே நெறைய போச்சு. இப்ப நடக்குறது வேற. மலை ரோட்ட அகலப்படுத்தும்போது தண்ணி கசியிற பாறையையும் மண் சரிவையும் வெட்டிட்டு கான்கிரீட் சுவர் எழுப்புறாங்க. மண் சரியாம இருக்கணும், பஸ்ஸு போகணும், அதெல்லாம் வேணாம்னு நான் சொல்ல வரல. ஆனா அந்தக் கசிவுப் பாறைதான் கிழங்கு வகையோட வீடுன்னு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யாராச்சும் ஒரு மழைக்காலம் போயி பாத்திருந்தா, சுவர கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாம், கசியிற எடத்துல மட்டும் கல்லடுக்கி விட்டிருக்கலாம். வெயில் காலத்துல போயி அளந்தா அங்க செடியே இல்லன்னுதான் எழுதுவாங்க, கிழங்கு உள்ள தூங்கிக்கிட்டு இருக்கும். வருஷா வருஷம் நான் போயி பாத்துக்கிட்டு இருந்த ஒரு பாறை இப்ப சுவருக்குப் பின்னாடி இருக்கு. அந்த விதைக்கு நாலு மீட்டர் தள்ளி வேற ஈரப்பாறை கிடைச்சாத்தான் வாழ்வு, இல்லன்னா அவ்ளோதான்.

இன்னொண்ணு, ஹோம்ஸ்டே வாசல்லயும் டவுன் பூங்காவுலயும் கலர் கலரா தட்டையா பூத்துக் கெடக்குமே, அது நம்ம ஊர் வகை இல்ல. ஆப்பிரிக்காவுல இருந்து வந்த இம்பேஷியன்ஸ் வாலெரியானா. வேலி தாண்டி ஓடை ஓரமா அதுவா பரவுது, நம்ம வகைங்க நிக்க வேண்டிய ஈர நெழல அது பிடிச்சுக்குது. இதே பேரினத்துல இமயமலை வகை ஒண்ண 1839ல இங்கிலாந்துக்கு கொண்டு போனாங்க, அது அங்க ஆத்தங்கரை பூரா பரவி இன்னைக்கு வரைக்கும் அத பிடுங்கிக்கிட்டே இருக்காங்க. மலைப்பக்கம் வீடு இருக்குறவங்க தொட்டிக்கு ஆப்பிரிக்கா வகை வாங்காதீங்க ப்ளீஸ், நாட்டுக் காசித்தும்பை விதை போடுங்க, அதுக்கு என்ன கொறச்சல்.

வீட்டுல போடுறதுன்னா ரொம்ப சிம்பிள். மழை பிடிக்கிற சமயம் விதைய மண்ணு மேல தூவி லேசா மூடுனா போதும், காலை வெயிலும் மதியம் நெழலும் இருக்குற எடம் பாருங்க, தண்ணி தேங்கக் கூடாது ஆனா மண்ணு காயவும் கூடாது. செடி வளந்ததும் ஒரு நாள் இலை எல்லாம் மொட்டையா இருக்கும், பாத்தா கருப்பா தடியா ஒரு புழு, பக்கவாட்டுல மஞ்சளும் சிவப்புமா கண்ணு கண்ணா புள்ளி, வால்ல ஒரு கொம்பு, நடக்கும்போது அந்தக் கொம்பு முன்னும் பின்னும் ஆடும். மருந்து அடிச்சிராதீங்க. அது ஒரு வகை பருந்து அந்துப்பூச்சியோட புழு, காசித்தும்பை அதுக்கு இஷ்டமான சாப்பாடு, கடிக்காது கொட்டாது. கொஞ்ச நாள்ல மண்ணுக்குப் போயி கூட்டுப்புழுவாயிடும், செடியும் மறுபடி துளிர்த்துரும்.

மலைக்குப் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் நல்ல சீசன், அட்டைக்கு உப்பு எடுத்துக்கோங்க. பூவப் பறிக்காதீங்க, பறிச்சா பத்தே நிமிஷத்துல கையிலயே வாடிரும், யாருக்கும் பிரயோஜனம் இல்ல. போட்டோ எடுக்கும்போது எல்லாரும் முன்பக்கம் மட்டும் எடுத்துட்டு வந்து இது என்ன வகைன்னு கேக்குறாங்க, அத வச்சு சொல்ல முடியாது. பக்கவாட்டுல வால் முழுசா தெரியிற மாதிரி ஒண்ணு, பின்னாடி இருந்து புல்லி தெரிய ஒண்ணு, இலை தண்டுல எப்டி சேருதுன்னு ஒண்ணு, காய் இருந்தா காய், அது பாறையா மரமா ஓடையான்னு தெரிய கொஞ்சம் தள்ளி நின்னு ஒண்ணு, இவ்ளோவும் வேணும். இந்த மலையில இருந்து இன்னமும் புது வகைங்கள விவரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, அதனால சாதாரணமா தெரியிற பூவயும் விட்டுறாம எடுங்க. எடம் எதுன்னு ரொம்பத் துல்லியமா வெளிய போட வேணாம், மரத்து வகையப் பிடுங்கிட்டுப் போறவங்க இருக்காங்க, மலை பேரு போட்டா போதும். நீங்க எடுத்தது இருந்தா எனக்கு அனுப்புங்க, எல்லா கோணமும் இருந்தா ஒக்காந்து பாத்து என்னன்னு சொல்றேன்.